ஐந்து கிலோவும் அறுபது டன்னும்

(மொரீஷியஸ், காத்ர் போர்னில் தைப்பூசத்துக்கு முன் இளம்பெண்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சகோதரிகளே, வணக்கம்.

கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்கு ஏறும்போது மூச்சு வாங்கும். முட்டி முணுமுணுப்பது இறங்கும்போதுதான். இருபத்தைந்து வயதுப் பெண் இதைச் சொன்னால் வீட்டில் வரும் பதில், "இந்த வயசுல என்ன முட்டிவலி?" வெளியில் வரும் பதில், "எடையைக் குறை." முதலாவது தவறு. இரண்டாவது பாதி சரி. மீதிப் பாதியை யாரும் சொல்லித் தருவதில்லை.

படி இறங்கும்போது கீழ்ப்படிக்கு ஒரு கால் போகிறது. அந்த நேரத்தில் மேற்படியில் மடங்கி நிற்கும் ஒற்றை முட்டிதான் உடம்பு முழுவதையும் மெல்ல இறக்கிவிட வேண்டும். தொடையின் முன்தசை இழுத்துப் பிடிக்கிறது. அந்த இழுவை முட்டிச்சில்லைத் தொடையெலும்பின் பள்ளத்தில் வைத்து அழுத்துகிறது. சமதரையில் நடக்கையில் சில்லின் மேல் விழுவது உடல் எடையில் ஏறத்தாழ பாதி. படியில் அது மூன்று மடங்கைத் தாண்டும். ஆழமாகக் குந்தினால் ஏழு மடங்குக்குப் போகும். சில்லின் பின்புறக் குருத்தெலும்பு நம் உடம்பிலேயே மிகத் தடிப்பானது என்பது சும்மா இல்லை.

அந்தக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயும் கிடையாது, நரம்பும் கிடையாது. அழுத்தி விடும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சித்தான் அது பிழைக்கிறது. அதனால் நடக்காமல் கிடந்தாலும் கெடும், அளவு மீறிச் சுமந்தாலும் கெடும். நரம்பு இல்லாததால் தேய்வின் தொடக்கம் வலியாகத் தெரியாது. எக்ஸ்ரேயிலும் சீக்கிரம் தெரியாது. எண்ணெய் தேய்த்தால் இதமாக இருக்கும், தேய்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அது குருத்தெலும்பு வரை போய்ச் சேராது.

இப்போது எடைக் கணக்கு. நடக்கும்போது தசைகளும் மூட்டினை இறுக்குவதால், முட்டிக்குப் போகும் சுமை தராசு காட்டுவதைவிடப் பல மடங்கு. 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் 4 கிலோ சுமை குறைவதாக அளந்தார்கள். அளக்கப்பட்டவர்கள் மூட்டுத் தேய்மானம் வந்த முதியவர்கள். என்றாலும் தசை மூட்டினை இறுக்கும் இந்தக் கணக்கு வயது பார்ப்பதில்லை. நாளைக்கு 6,000 அடி நடந்தால் ஒரு முட்டிக்கு 3,000. ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு 20 கிலோ. பெருக்கிப் பாருங்கள்: ஒரு முட்டிக்கு ஒரு நாளில் 60,000 கிலோ, அதாவது 60 டன். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் பெண்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்து 1992-இல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியே வருகிறது. பத்தாண்டில் சுமார் 5 கிலோ குறைத்தவர்களுக்கு, வலியோடு வரும் முட்டித் தேய்மானத்தின் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது.

சுமை மட்டும் காரணம் என்றால் கைவிரல் மூட்டுக்கு எடையால் கெடுதல் வரக்கூடாது. வருகிறது. கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது; அவை மூட்டுக்குள்ளும் போகின்றன. ஆகவே இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். நம் தெற்காசிய உடம்புவாகுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரே எச்சரிக்கைக் கோடு. பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு, 25 ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். ஆசியருக்கு 23-லேயே கவனம் தேவை.

சரி, எங்கே தவறு நடக்கிறது? எடையைக் குறைக்க வேண்டும் என்றதும் ஓட்டம், கயிறு தாண்டல், நூறு தோப்புக்கரணம். மூன்றாம் வாரம் முட்டி வீங்கும், எல்லாம் நின்றுபோகும். முதலில் தசை வேண்டும்.

வீட்டில் ஒரு சோதனை. 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரப் படியில் கண்ணாடியைப் பார்த்து ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றக் குதிகாலை மெதுவாக இறக்கித் தரையைத் தொட்டு மீளுங்கள், ஐந்து முறை. நிற்கும் முட்டி இரண்டாம் கால்விரலுக்கு நேராகவே நிற்கிறதா, கட்டைவிரலைத் தாண்டி உள்ளே சாய்கிறதா? சாய்ந்தால் குறை பெரும்பாலும் முட்டியில் இல்லை, இடுப்பின் பக்கவாட்டுத் தசையில். பெண்களுக்கு இடுப்பெலும்பு அகலம். அந்தத் தசை சோர்ந்தால் தொடை உள்பக்கம் திரும்பும், சில்லு பள்ளத்தின் வெளி ஓரத்தில் உரசும். பிள்ளை பெற்ற முதல் ஆண்டில் இது அதிகம் தெரியும்: எடை கூடியிருக்கும், தசை குறைந்திருக்கும், இடுப்பில் குழந்தை வேறு.

வாரத்தில் மூன்று நாள் போதும். சாதாரண நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து, மூன்று எண்ணும் வரை மெல்ல உட்காருங்கள். பத்து முறை, மூன்று சுற்று. முடியாவிட்டால் மேலே தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். பிறகு ஒருக்களித்துப் படுத்து, மேல்காலைச் சற்றே பின்தள்ளித் தூக்குங்கள். பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. காலை முன்னே கொண்டுவந்து தூக்கினால் வேறு தசை வேலை செய்யும், பலன் இருக்காது. பத்துக்கு மூன்று அளவு வலி இருக்கலாம். மறுநாள் காலையில் அது அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லையா, பாதியாகக் குறையுங்கள். மாற்றம் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

நடைக்கு நம்மிடம் கடல் இருக்கிறதே! இடுப்பளவு நீரில் உடம்பு பாதி எடைதான். நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு. பவளப்பாறைக்கு உள்ளே அலையடங்கிய லகூனில் இருபது நிமிடம் நடங்கள், கடல்முள்ளி குத்தாமல் இருக்க ரப்பர் காலணியோடு. சைக்கிள் என்றால் இருக்கையைத் தாழ்த்தாதீர்கள். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீட்ட மாட்டேன். பருப்பு வைத்த ரொட்டியான தோல்புரியை விடச் சொல்லவில்லை. கூடவே வாங்கும் கோலாவை விடுங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தால் போதும். பட்டினி கிடந்தால் தசையும் சேர்ந்து கரையும், அப்புறம் முட்டியைத் தாங்க யார் இருக்கிறார்கள்? வேளைக்கு ஒரு பருப்போ, முட்டையோ, மீனோ இருக்கட்டும். எடை காரணமின்றி ஏறினால் தைராய்டையும் சினைப்பை நீர்க்கட்டியையும் சோதியுங்கள்.

காலையில் எழுந்ததும் வரும் மூட்டு விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருத்துவம். முட்டி பூட்டிக்கொண்டு நீட்ட வராவிட்டால், சூடாகிக் காய்ச்சலும் சேர்ந்தால், பிரசவத்துக்குப் பின் கெண்டைக்கால் ஒருபக்கம் வீங்கினால், அன்றே மருத்துவமனை.

இந்த ஆண்டு பால்குடம் எடுப்பவர்களுக்கு ஒன்று. குடத்தின் எடையும் உங்கள் எடையோடு சேர்த்தியே. மலையிலிருந்து திரும்பும்போது கைப்பிடியைப் பிடித்து, நோகும் காலை முதலில் கீழே வையுங்கள். நல்ல கால் மேற்படியில் நின்று உடம்பை இறக்கிவிடட்டும். ஏறும்போது நல்ல கால் முன்னே. சவாத் எனும் ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்படியில் அது வழுக்கும்.