மணல் நடந்து போகும் ஊர்

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி கடற்கரைச் சாலையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உங்களில் பலர் வந்திருப்பீர்கள். சாயங்காலம் ஆறு மணிக்குத் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் காலை ஏழரை வரை அந்தச் சாலை நடப்பவர்களுக்கு மட்டும்தான். பாட்டிகள், காலேஜ் பிள்ளைகள், பலூன் கேட்டு அழும் குழந்தை, எல்லோரும் நடுரோட்டில் பயமில்லாமல் நடக்கலாம். இப்படி ஒரு சாலை எந்த ஊருக்கும் வேண்டும்.

நடந்து காந்தி சிலைக்கு வருகிறீர்கள். சுற்றிலும் எட்டுக் கல்தூண்கள், செஞ்சியிலிருந்து வந்தவை. அங்கிருந்து வடக்கேயும் தெற்கேயும் கரையோரம் பார்த்தால் பெரும்பாலும் கருங்கல் பாறைகள். வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "சார், பீச் எங்கே?"

பீச் இருந்தது. நான் அதில் விளையாடியிருக்கிறேன்.

எழுபதுகளில் எங்கள் ஆயா, அதாவது பாட்டி, என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டிப் போவார். சுவரிலிருந்து இறங்கினால் மணல். தண்ணீரைத் தொடுவதற்குள் கால் வலிக்கும், அவ்வளவு மணல். ஒரு பக்கம் கரைவலை இழுப்பார்கள். ஆயா சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பார். அலை திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போகும் பாருங்கள், பாதம் சரியும், உள்ளங்கால் கூசும், கடலே நம்மை இழுப்பது போலிருக்கும். நான் அலறுவேன். "உன்னக் கூப்பிடலடா, மண்ணத்தான் கூட்டிக்கிட்டுப் போவுது" என்பார் ஆயா.

அந்த வார்த்தையைத்தான் இத்தனை வருஷமாக நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆயா சொன்னது அப்படியே உண்மை. கடற்கரை மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை, நடக்கிறது. நீங்கள் முற்றம் பெருக்குகிறீர்கள் என்று வையுங்கள். துடைப்பத்தைச் சாய்வாக வீசுவீர்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் தூசி கொஞ்சம் பக்கவாட்டில் நகரும். அலையும் அப்படித்தான். சாய்வாக வந்து மணலைத் தள்ளும், நேராக இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவமழையில் தெற்கே திரும்பும். ஆனால் வடக்கே போகும் மாதங்கள்தான் அதிகம். போன மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்து புது மணல் வந்துகொண்டே இருக்கும். வரவும் செலவும் சரியாக இருந்தவரை கரை இருந்தது.

எண்பதுகளின் கடைசியில் நகரத்துக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகம் கட்டினார்கள். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல்சுவர் நீட்டினார்கள். வழிப்போக்கன் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல, தெற்கிலிருந்து வந்த மணல் அந்தச் சுவரின் தென்புறத்திலேயே தங்கிவிட்டது. வடக்கே செலவு நிற்கவில்லை, வரவு நின்றுவிட்டது. சில வருஷங்களில் என் ஆயா நின்ற இடத்தில் தண்ணீர்.

சரி, ஊரைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். 2004 சுனாமியின்போது அந்தக் கல்லரண்தான் நகரத்துக்குள் தண்ணீர் புகாமல் தடுத்தது. ஆனால் கல் கொட்டிய இடத்துக்கு அடுத்த இடத்தை அலை அரிக்கும். அங்கேயும் கல் கொட்டினால் அதற்கடுத்த இடம். வைத்திக்குப்பம், சோலை நகர், அப்புறம் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிப் பொம்மையார்பாளையம், மறுபடி புதுச்சேரிப் பகுதியான பிள்ளைச்சாவடி. படகை எங்கே ஏற்றி வைப்பது, வலையை எங்கே உலர்த்துவது? மீனவருக்கு மணல்தான் வாசல், மணல்தான் களம். கல் மேல் வலை உலர்த்த முடியாது.

அதனால்தான் சொல்கிறேன், மணலுக்கு வழி விட வேண்டும். முகத்துவாரத்தில் தூர்வாரும் மணலை வடக்கே கொண்டுவந்து கொட்ட வேண்டும், வருஷா வருஷம், விடாமல். முடியாத காரியமில்லை. 2018-இல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டத்தில், தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஒரு எஃகுத் திட்டை இறக்கினார்கள். அலையின் வேகம் அதில் மட்டுப்பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக மணல் தங்கியது.

மறு வருஷம் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அங்கே இறங்கினேன். அலை திரும்பியது, பாதம் சரிந்தது, அவள் "தாத்தா!" என்று கத்திக்கொண்டு என் வேட்டியைப் பிடித்தாள். ஆயா சொன்னதையே நானும் சொன்னேன். எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். 1836-இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கத்தைப் பற்றியும், 1952 புயலில் போன இரும்புப் பாலத்தைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வருகிறவர்கள் விடியலுக்கு முன்னால் வாருங்கள், சூரியன் கடலிலிருந்தே எழும். பாறைகள் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள், பாசி வழுக்கும். மணல் இருக்கிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அலைக்காவது நில்லுங்கள். வணக்கம்.