விருந்துல மாட்டற கொலைகாரன்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர்னு எங்கருந்து கேட்டுகினு இருந்தாலும் எல்லாருக்கும் வணக்கம்ங்க. பழைய துப்பறியும் படம்னா எனக்கு உசுரு. அதுல ரெண்ட பத்தி இன்னிக்கு பேசறேன், மொதல்ல 1934ல எம்ஜிஎம் கம்பெனி எடுத்த ‘தி தின் மேன்’, டாஷியல் ஹாமெட் நாவல், டைரக்டர் வான் டைக்.

துப்பறியறவரு நிக் சார்லஸ், நடிச்சது வில்லியம் பவல். அந்த வேலைய உட்டுட்டு பணக்கார வீட்டுப் பொண்ண கட்டிகினு, கோட்டு மடிப்பு கலையாம, கையில கிளாசோட சுத்தற மனுஷன். அமெரிக்காவுல மதுவிலக்க எடுத்ததே 1933 டிசம்பர்ல தான், படத்துல அந்த குஷி தெரியும். கொலைக் கேசு வாணாம்னு அவரு ஒதுங்க ஒதுங்க, பொண்டாட்டி நோரா, அதாவது மிர்னா லாய், போய் பாருங்கன்னு தள்ளி உடறாங்க. இந்தப் படத்துல கொலை ரெண்டாம்பட்சம்ங்க, புருஷன் பொண்டாட்டி பேச்சு தான் படமே. ராத்திரி பெட்ரூம்ல ஒரு ரவுடி துப்பாக்கிய நீட்டறான், குண்டு பட்டுடப் போவுதேன்னு நிக் நோராவ ஒரே குத்துல கீழ சாச்சிட்டு அவன் மேல பாயறாரு. மயக்கம் தெளிஞ்ச அந்தம்மா அழவே இல்ல, நீங்க அவன அடக்கிடுவீங்கன்னு தெரியும், அத பாக்கணும்னு இருந்தேன், கெடுத்துட்டீங்களேன்னு கோச்சிக்கறாங்க. திரைக்கதை எழுதுன ஆல்பர்ட் ஹாக்கெட்டும் பிரான்சஸ் குட்ரிச்சும் நெஜத்துலயே புருஷன் பொண்டாட்டி, அதான் பேச்சு அவ்ளோ இயல்பா வருது.

நம்ம ஊர்ல எக்ஸ்ரே கவர கையில புடிச்சிகினு நடக்கறவங்கள தெனமும் பாக்கறோம் இல்ல, இதுலயும் எக்ஸ்ரே தான் கேச திருப்புது. ஒரு பட்டறை தரைக்கடியில எலும்புக்கூடு, கூடவே குண்டு ஆளோட துணி. செத்தவன் குண்டன்தான்னு போலீசு முடிவு கட்டிடுது. நிக் மட்டும் கால் எலும்பு உள்ள பாக்கறாரு, பழைய காயத்துல தங்கிப்போன ஒரு இரும்புத் துண்டு! அந்தக் காயம் பட்டது வேற ஆளு, அப்போ குண்டனோட துணிய யாரோ வேணும்னே வச்சிருக்காங்க.

அப்புறம் தான் அந்த விருந்து. சந்தேகப்படற எல்லாரையும் நிக் சாப்பிட கூப்புடறாரு, சர்வர் வேஷத்துல பரிமாறறது போலீஸ்காரங்க. கல்யாணப் பந்தியில பாயசம் வரதுக்குள்ள சொத்து சண்டை வெடிக்குமே, அதே சூடு. நிக் பாட்டுக்கு இப்டி நடந்திச்சி, அப்டி நடந்திச்சின்னு அடுக்கறாரு, நோரா மெல்ல கேக்கறாங்க, இதெல்லாம் நெஜமாங்கன்னு. தெரியாது, இப்டி இருந்தா தான் கணக்கு சரியா வருதுன்றாரு! அவருக்கே முழுசா தெரியாதுங்க, பேசிகினே இருக்காரு, எந்த மூஞ்சி மாறுதுன்னு பாத்துகினே இருக்காரு. அந்த மேசையில ஒருத்தங்க உண்மைய மூடி வச்சிருக்காங்க, மறைக்கறதால தனக்கு தான் நஷ்டம்னு அவங்களுக்கு உறைக்கிற வரைக்கும் நிக் நிறுத்தல. துப்பாக்கியால இல்ல, பேச்சால புடிக்கறாரு. அதுக்குத்தான் இந்தாள எனக்கு இவ்ளோ புடிக்கும்.

நேரமாச்சின்னு கண்ணாடிக்கு அந்தாண்ட இருந்து கை காட்றாங்க. நம்ம தமிழ்ப் படத்துக்கு தான் பாதி நேரம் வச்சிருந்தேன், வேகமா சொல்லிடறேன். ‘அந்த நாள்’, 1954, ஏவிஎம், எஸ். பாலசந்தர் டைரக்‌ஷன், சிவாஜி படம், ஒரு பாட்டு கூட கிடையாது. அதுல ஜாவர் சீதாராமன் சிஐடியா வந்து கொரல ஒசத்தாம ஒவ்வொருத்தரா விசாரிக்கற அழக கவனிங்க, திரைக்கதையும் அவரே. ரெண்டையும் பாருங்க, கொலைகாரன் யாருன்னு மட்டும் பக்கத்து வீட்ல சொல்லிடாதீங்க. வணக்கம்.