கோலப்பொடியை யார் கையில் கொடுப்பது?

[திரையில்: தெருவில் பச்சை, நீலக் கோலப்பொடியில் பெரிய வரைபடம். சுற்றிலும் மாணவிகள்.]

வணக்கம். இந்த மாதிரி போட்டோவைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள், "வேளாண் மாணவிகள் வரைந்த கிராம வரைபடம்" என்று சின்னதாக ஒரு செய்தி போட்டிருப்பார்கள். பி.எஸ்சி. விவசாயம் படிப்பவர்கள் கடைசி வருடத்தில் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்ய வேண்டும், கல்லூரியில் அதை 'ராவே' என்பார்கள். அதில் ஒரு பகுதிதான் இது, பங்கேற்பு ஊரக மதிப்பீடு. 1980களின் கடைசியில் கென்யாவிலும் நம் நாட்டிலும் வளர்ந்த முறை. கர்நாடகத்தின் மைராடா போன்ற அமைப்புகள் களத்தில் செய்து பார்த்தன, ராபர்ட் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் உலகம் முழுக்க எடுத்துச் சொன்னார். முறை ரொம்ப எளிது: ஊர்க்காரர்களே தங்கள் நிலத்தையும் தண்ணீரையும் தரையில் வரைய வேண்டும்.

அந்தப் போட்டோவில் பொடி யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மாணவர் கையில்!

மாணவர் குழுவுக்குத் தலைவராக நன்றாகப் படம் வரைபவரைப் போடுவோம். அவர் முந்தின நாளே கூகுள் மேப்பைப் பார்த்து ஒரு படம் போட்டு வைத்திருப்பார், மற்றவர்கள் கலர் நிரப்புவார்கள், விவசாயிகள் கை கட்டி நிற்பார்கள், போட்டோ எடுத்தால் முடிந்தது. மார்க்கும் கிடைத்துவிடும், அது வேறு கதை.

[திரையில்: ஐந்து ஏக்கர் தோட்டத்தின் செயற்கைக்கோள் படம். அதன் மேல் ஒவ்வொன்றாகக் குறிகள் தோன்றுகின்றன.]

ஐந்து ஏக்கர் தோட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். செயற்கைக்கோள் படத்தில் தென்னை தெரியும், கிணறு தெரியும். அந்தக் கிணற்றில் பங்காளிகள் நாலு பேருக்குப் பங்கு, யார் எந்தக் கிழமை மோட்டார் போடலாம் என்று முறை இருக்கிறது, இதெல்லாம் தெரியாது. போர் போட்ட இரண்டாம் வருடமே வற்றியது தெரியாது. "அந்த வடகிழக்கு மூலையில் எதைப் போட்டாலும் மஞ்சளாத்தான் வரும்" என்று தோட்டக்காரர் சொல்வது சுத்தமாகத் தெரியாது.

அந்த மூலை படத்தில் ஏறாவிட்டால் அடுத்த வேலையும் கெட்டுவிடும். மண் மாதிரி எடுக்கும்போது 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பல இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளிக் குறைத்து அரை கிலோ அனுப்புவோம் இல்லையா? அந்த மூலை களர் நிலமாக இருந்து, அதன் மண்ணும் நல்ல மண்ணும் ஒரே பையில் சேர்ந்தால், ஆய்வு அட்டையில் வரும் எண் இரண்டு இடத்துக்குமே பொருந்தாது.

அதனால் தலைவர் செய்ய வேண்டியது, பொடியைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது. படிப்பில் முதலாக வருகிறவர்களுக்கு இது படு கஷ்டம். ஒருவர் வாய்க்காலைத் தப்பாக இழுத்தாலும் திருத்தாதீர்கள், கூட்டத்திலிருந்தே ஒருத்தர் "அட, மடை அந்தப் பக்கம் இல்ல இருக்கு?" என்று வருவார். அந்த வாக்குவாதத்தில்தான் விஷயமே வெளியே வரும்.

அப்புறம், எங்கே வரைவது? கோயில் வாசல் அகலமாக இருக்கும், போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அங்கே வந்து சரிசமமாக உட்கார்ந்து பேச ஊரில் யாருக்கெல்லாம் முடியும் என்று முதலில் கேளுங்கள். காலனிக்காரர்கள் தள்ளி நின்றால் உங்கள் படத்தில் பாதி ஊர் இல்லை. காலை 11 மணிக்குக் கூப்பிட்டால் கூலி வேலைக்குப் போனவர்கள் வரமாட்டார்கள். இந்த முடிவுகளை "எல்லாம் ஊர்த் தலைவர் சொன்னபடி" என்று விட்டுவிடுவது பணிவு மாதிரி தெரியும், உண்மையில் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. பெண்களைத் தனியாக ஒரு படம் வரையச் சொல்லுங்கள், மாட்டுக்குப் புல் அறுக்கும் வரப்பு, தண்ணீர் வராத குழாய் என்று அது வேறு ஊராகவே இருக்கும்.

வேலையைப் பிரிக்கும்போது ஒருவர் கேட்கட்டும், ஒருவர் எழுதட்டும். பேசாமல் நிற்பவர் யார் என்று பார்க்கிற வேலையைத் தலைவர் எடுத்துக்கொள்ளட்டும்.

[திரையில்: தென்னை மரத்தடியில் செல்போன். திரையில் நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கிறது.]

செல்போன் வைத்து எல்லை குறிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திறந்தவெளியிலேயே சில மீட்டர் பிசகும், தென்னந்தோப்புக்குள் இன்னும் கூடும். பத்து சென்ட் என்பது ஏறத்தாழ இருபதுக்கு இருபது மீட்டர்தான், அதில் ஐந்து மீட்டர் தள்ளிக் கோடு போட்டால் பங்காளிச் சண்டைக்கு நீங்களே பிள்ளையார் சுழி போட்ட மாதிரி. எல்லைக்கு வருவாய்த் துறையின் புலப்படத்தைப் பாருங்கள், செல்போனைக் கிணறு, மரம், மடை குறிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் யாராவது "அதான் ஆப்பிலேயே வருதே" என்றால் மறுக்க வேண்டியவர் தலைவர்தான்.

சரி, படம் முடிந்தது. தாளில் பிரதி எடுத்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டிக் கல்லூரிக்குக் கொண்டுபோய்விடுவோம், ஊருக்கு ஒன்றும் மிஞ்சாது. தயவுசெய்து இன்னொரு பிரதி எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். கீழே வரைந்தவர்கள் பெயர் இருக்கட்டும், விவசாயிகள் பெயர் முதலில், குழுத் தலைவர் பெயர் கடைசியில்.