ஸ்பார்ட்டாவுக்கு ஓய்வாக இருக்கத் தெரியவில்லை

நண்பர்களே, வணக்கம். சுற்றி வளைக்காமல் ஒரு போரிலிருந்து தொடங்குகிறேன். கி.மு. 371-இல் லியூக்ட்ரா என்ற இடத்தில் தீப்ஸ் நகரத்துப் படை ஸ்பார்ட்டாவை முறியடித்தது. ஏழு வயசிலேயே பையன்களை வீட்டிலிருந்து பிரித்துப் போருக்குப் பழக்கிய ஊர் ஸ்பார்ட்டா, தரைப்போரில் அதை அசைக்க ஆளில்லை என்று கிரேக்கம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது சிறுவனாக இருந்த அரிஸ்டாட்டில் பிற்பாடு ‘அரசியல்’ நூலில் ஸ்பார்ட்டாவின் சரிவுக்கு ஒரு காரணம் சொல்கிறார். போர் நடந்தவரை தாக்குப்பிடித்தார்கள், ஆதிக்கம் கைக்கு வந்ததும் விழுந்தார்கள், ஏனென்றால் ஓய்வாக இருக்க அவர்களுக்குத் தெரியவில்லை. அதற்குச் சட்டம் வகுத்தவரைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்கிறார், ஓய்வாக வாழ அவர் பழக்கவே இல்லையாம்.

ஓய்வாக இருக்கப் பயிற்சியா? நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அரிஸ்டாட்டில் சொல்கிற ஓய்வு வேறு, களைப்பு தீரப் படுத்துக்கிடப்பது வேறு. விளையாட்டையும் இளைப்பாறுதலையும் அவர் மருந்து என்கிறார், உழைத்துச் சோர்ந்தவன் நாளைக்கு மறுபடி உழைக்க வேண்டுமே, அதற்காக. ஆக, அதுவும் வேலையின் கணக்கில்தான் சேரும். இந்தக் கணக்கில் நம் வார விடுமுறை, சுற்றுலா, தொலைபேசியைத் தேய்த்துக்கொண்டிருப்பது எல்லாமே வேலையின் வால்தான். ஓய்வு என்பது வேறு எதற்காகவும் இல்லாத நேரம். அமைதிக்காகப் போர் செய்கிறோம், ஓய்வுக்காக உழைக்கிறோம் என்று ‘நிக்கோமாக்கிய அறவியல்’ பத்தாம் புத்தகத்தில் எழுதுகிறார்.

சரி, அந்த நேரத்தில் என்ன செய்வது? இதற்குத்தான் அவர் இசையைக் கொண்டுவருகிறார். எழுதப் படிக்கத் தெரிந்தால் வீட்டுக் கணக்கு பார்க்கலாம், உடற்பயிற்சி ஆரோக்கியத்துக்கு, ஓவியம் தெரிந்தால் கைவினைஞர் வேலையை எடைபோடலாம், இசையால் இப்படி எந்த லாபமும் கிடையாது, அப்படியும் முன்னோர் அதைப் பாடத்தில் வைத்தது ஓய்வுக்காகத்தான் என்கிறார். ஆனால் போட்டியில் ஜெயிக்கிற அளவுக்குக் கற்றுக்கொள்ளாதே, அது தொழிலாகிவிடும் என்று ஒரு தடையும் போடுகிறார். இன்றைய பாட்டுப் போட்டிகளைப் பார்த்திருந்தால் மனுஷன் என்ன சொல்லியிருப்பாரோ.

இசைக்கும் மேலே அவர் வைப்பது சிந்தனையை. அதற்கு நேரம் எப்படி வேண்டும் என்பதை அவருக்கு முன்னாலேயே பிளேட்டோ காட்டிவிட்டார். ‘தியேட்டிடஸ்’ உரையாடலில் சாக்ரடீஸ் இரண்டு வகை ஆட்களை ஒப்பிடுகிறார். நீதிமன்றத்தில் வாழ்கிறவன், பேசும் நேரத்தை அளக்கிற தண்ணீர்க் கடிகாரம் விரட்ட, எதிராளி தலைமேல் நிற்க, அவசரத்தில் பேசுகிறான், அவன் மனசே கோணலாகிவிடுகிறது. தத்துவம் பேசுகிறவனுக்கோ நேரம் இருக்கிறது, ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம், திரும்பியும் வரலாம். இவ்வளவும் பேசிவிட்டு உரையாடலின் முடிவில் சாக்ரடீஸ் எழுந்து எங்கே போகிறார் தெரியுமா? தன்மேல் மெலீட்டஸ் என்பவர் கொடுத்த வழக்குக்குப் பதில் சொல்ல! கி.மு. 399-இல் அந்த விசாரணை ஒரே நாளில் முடிந்தது. உயிர் வழக்கைப் பல நாள் விசாரிக்கிற சட்டம் இங்கே இருந்திருந்தால் உங்களுக்குப் புரியவைத்திருப்பேன் என்று அவர் நீதிபதிகளிடம் சொல்வதாகப் பிளேட்டோ எழுதியிருக்கிறார்.

இதையெல்லாம் ரசித்துச் சொல்கிறேன், ஆனால் ஒரு விஷயம் தொண்டையில் நிற்கிறது. இந்த ஓய்வு யாருடைய உழைப்பில் வந்தது? அரிஸ்டாட்டில் மறைக்கவில்லை. நெசவு நாடா தானே நெய்து, யாழை மீட்டும் கோல் தானே மீட்டினால் எஜமானுக்கு அடிமை தேவைப்படாது என்று எழுதிவிட்டு, அது நடக்காது என்பதால் அடிமைமுறைக்கு நியாயம் கட்டுகிறார். கைத்தொழில் செய்கிறவனுக்கு ஓய்வு இல்லை, அதனால் நல்லாட்சி நடக்கிற ஊரில் அவன் குடிமகனாகவும் இருக்கக்கூடாது என்கிறார். ஓய்வைப் பற்றி இவ்வளவு கூர்மையாக யோசித்தவருக்கு அதைப் பகிரலாம் என்று மட்டும் தோன்றவில்லை, அந்தக் காலத்து மனுஷன் என்று சொல்லி இதைத் தாண்டிவிட எனக்கு மனமில்லை.

அவருடைய உயிலை, தத்துவவாதிகளின் வாழ்க்கையைத் தொகுத்த டையோஜனீஸ் லயர்ஷியஸ் எடுத்து எழுதியிருக்கிறார். தனக்குப் பணிவிடை செய்த பிள்ளைகளை விற்கக்கூடாது, வயது வந்ததும் தகுதி பார்த்து விடுவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அம்பிராசிஸ் என்ற அடிமைப் பெண்ணுக்கும் விடுதலை தருகிறார், தன் மகளுக்குத் திருமணம் ஆகும்போது 500 டிராக்மா வெள்ளிக் காசும், அம்பிராசிஸிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு பணிப்பெண்ணையும் அம்பிராசிஸுக்கே கொடுக்கச் சொல்கிறார். அந்தப் பணிப்பெண்ணுக்கு விடுதலை என்று உயிலில் எதுவும் இல்லை.