ஃபங்ஷனை மட்டும் கம்பைல் செய்யும்போது பில்ட் டூல் எதற்கு? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். "லிஸ்ப் காணொலிகளில் நீங்கள் ஒரு ஃபங்ஷனைத் திருத்தியதும், அதை மட்டும் கம்பைல் செய்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே சோதித்துப் பார்க்கிறீர்கள், அப்படியானால் மேக் போன்ற பில்ட் டூல்கள் எதற்கு?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார். லிஸ்ப் ஒரு நிரல்மொழி; ஃபங்ஷன் என்பது நிரலின் ஒரு சிறு பகுதி; கம்பைல் செய்வது என்றால் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது; மாறிய கோப்புகளைக் கண்டறிந்து அதைத் தானாகச் செய்வது பில்ட் டூல். படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை.

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக், மூலக்கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தையும் அதிலிருந்து உருவான கோப்பின் நேரத்தையும் ஒப்பிடுகிறது. மூலம் புதியதாக இருந்தால் முழுக் கோப்பையும் மீண்டும் கம்பைல் செய்கிறது. நீங்கள் திருத்தியது கமென்ட்டில் இருந்த ஓர் எழுத்துப்பிழைதான் என்பது அதற்குத் தெரியாது. அதன் பிறகு நிரலை நிறுத்தி மறுபடியும் தொடங்க வேண்டியிருப்பதால், நினைவகத்தில் இருந்த தரவு அனைத்தும் போய்விடுகிறது.

ஈமாக்ஸ் என்னும் நிரல் எழுதும் கருவியில், லிஸ்ப்புக்கான ஸ்லைம் என்னும் துணை நிரலை வைத்திருப்பவர் கன்ட்ரோல்-சி விசையை இருமுறை அழுத்தினால், கர்சர் நிற்கும் ஃபங்ஷன் மட்டும் கம்பைல் ஆகிறது. தரவு அப்படியே இருக்கிறது. ஒரு பெரிய பட்டியலை ஏற்றி, தேதியைப் பிரிக்கும் ஃபங்ஷன் நடுவில் ஒரு வரியில் தடுக்கினால், பிழை தேட உதவும் டீபக்கர் அந்த இடத்திலேயே காத்திருக்கும். ஃபங்ஷனைத் திருத்தி, கம்பைல் செய்து, அந்த அழைப்பையே பெரும்பாலும் மீண்டும் ஓடவிடலாம். முன்பே பலமுறை சொன்னதுதான், இருந்தாலும் மறுபடியும் சொல்கிறேன்: யோசனை அறுபடாமல் தொடர்வதுதான் இதில் கிடைக்கும் பெரும் பயன். 1998-இல் நாசா ஏவிய டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்தில், மறு ஆண்டு மே மாதம் ரிமோட் ஏஜென்ட் என்னும் லிஸ்ப் நிரல் ஒரே நேரத்தில் ஓடும் இரு இழைகளில் எது முந்துகிறது என்பதைப் பொறுத்து எழும் ரேஸ் கண்டிஷன் என்னும் பிழையால் முடங்கியபோது, விண்கலத்திலேயே ஓடிக்கொண்டிருந்த லிஸ்ப் உரையாடல் வசதி அந்தப் பிழையைக் கண்டறியப் பெரிதும் உதவியது என்று அதில் பணியாற்றிய ரான் காரெட் எழுதியிருக்கிறார். அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் நேயர் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: நினைவகத்தில் ஓடும் நிரலும் கோப்பில் எழுதியிருக்கும் நிரலும் ஒன்றுதானா? கம்பைல் ஆகும்போதே வேறு நிரல் வரிகளாக விரியும் மேக்ரோ ஒன்றை மாற்றி அதை மட்டும் கம்பைல் செய்தால், அதைப் பயன்படுத்தி ஏற்கெனவே கம்பைல் ஆன ஃபங்ஷன்கள் பழைய விரிவாக்கத்துடனேயே ஓடும். ஒரு மாறிக்கு முதல் மதிப்பைத் தரும் டெஃப்வார் வரியில் புதிய மதிப்பை எழுதி மறுபடி இயக்கினாலும், மாறியில் பழைய மதிப்பே நிற்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, கோப்பிலிருந்து அழித்துவிட்ட ஃபங்ஷன் நினைவகத்தில் உயிரோடு இருப்பது. உங்கள் கணினியில் எல்லாம் சரியாக ஓடும், உடன் பணிபுரிபவரின் கணினியிலோ அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை என்று பிழை வரும்.

இங்கேதான் பில்ட் டூல் இன்றியமையாதது. லிஸ்ப்பிலும் ஏஎஸ்டிஎஃப் என்னும் பில்ட் டூல் இருக்கிறது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று எழுதி வைத்தால், மேக்ரோ கோப்பு மாறியதும் அதைச் சார்ந்த கோப்புகளையும் அடுத்த முறை ஏற்றும்போது கம்பைல் செய்துவிடும். ஆகவே பகலெல்லாம் ஃபங்ஷன் ஃபங்ஷனாகக் கம்பைல் செய்து வேலை பாருங்கள். மாற்றங்களைத் திட்டத்தில் பதிவு செய்யும் முன், அதாவது கமிட் செய்வதற்கு முன், எஸ்பிசிஎல் என்னும் லிஸ்ப் கம்பைலரைப் புதிதாகத் திறந்து, முழுத் திட்டத்தையும் ஏஎஸ்டிஎஃப் வழியாக ஏற்றி, டெஸ்ட்களை ஓட்டுங்கள்.