பழைய கொம்பியூட்டருக்குப் புது விண்டோஸ் தேவையா?

வணக்கம் நேயர்களே.

கொம்பியூட்டர் திருத்தும் வேலை செய்கிற என்னிடம் கிளிநொச்சியிலும் சரி, புதுக்குடியிருப்பிலும் சரி, மல்லாவியிலும் சரி, கொஞ்ச நாளாக வந்துகொண்டிருப்பது ஒரே கேள்விதான். "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சாம். இனி இந்தப் பெட்டியைத் தூக்கி எறியத்தான் வேணுமோ?"

எறியத் தேவையில்லை. முதலில் முடிந்தது என்ன என்று பார்ப்போம்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அதன் பொருள், அடுத்த நாள் உங்கள் கொம்பியூட்டர் நின்றுவிடும் என்பதல்ல. அது முன்புபோலவே வேலை செய்யும். ஆனால் இனிமேல் அதில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க இலவசமாக எதுவும் தானாக வராது. வேலியில் பொட்டு விழுந்தால் முன்பு யாரோ வந்து அடைத்துவிட்டுப் போனார்கள், இப்போது வரமாட்டார்கள். அவ்வளவுதான். இது புதிதும் அல்ல. விண்டோஸ் எக்ஸ்பி 2014 ஏப்ரல் 8இலும், விண்டோஸ் 7 2020 ஜனவரி 14இலும் இப்படித்தான் நிறுத்தப்பட்டன. அதற்குப் பிறகும் எங்கள் பக்கத்தில் அவை எத்தனையோ மேசைகளில் ஓடிக்கொண்டிருந்தன. இன்றும் சில இடங்களில் ஓடுகின்றன.

ஆகவே திகதியைப் பார்த்துப் பதறாமல், அந்தப் பெட்டி உங்களுக்கு என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒரு அரிசி ஆலையில் பில் போடுகிற கொம்பியூட்டர், இன்ரநெற் இணைப்பே இல்லாதது, அதில் விண்டோஸ் 7 இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குள் கண்ட பென்ரைவையும் செருகாமல் இருந்தால் போதும். அச்சகம் வைத்திருப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கலியாணக் கார்ட்டும் அந்தியேட்டி மலரும் இன்னும் பேஜ்மேக்கரில் செய்கிற அச்சகங்கள் உண்டு. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதை அடோபி கைவிட்டு இரண்டு தசாப்தங்கள் ஆகின்றன. அந்த மென்பொருள் எந்தப் பெட்டியில் நன்றாக ஓடுகிறதோ அந்தப் பெட்டியை அப்படியே விடுங்கள். இன்ரநெற் வயரை மட்டும் கழற்றி, மின்னஞ்சலுக்கு வேறொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதே பெட்டியில் வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த காசைப் பார்க்கிறீர்கள், பிள்ளையின் அடையாள அட்டைப் பிரதியை அனுப்புகிறீர்கள் என்றால் கதை வேறு. அங்கே ஆதரவு நின்ற இயங்குதளம் நல்லதல்ல. விண்டோஸ் 7இல் கூகுள் குரோம் 109ஆம் பதிப்போடு நின்றுபோனது. அதற்கு மேல் புதிய பதிப்பு ஏறாது. "இந்த பிரவுசர் பழையது" என்று சில தளங்கள் கதவைச் சாத்துவது அதனால்தான்.

சரி, விண்டோஸ் 11 போடலாமா? இங்கேதான் வன்னியின் நிலைமையைக் கணக்கில் எடுக்க வேண்டும். எங்களிடம் இருக்கிற லப்டொப்களில் பெரும்பங்கு கடையில் புதிதாக வாங்கியவை அல்ல. லண்டனிலிருந்து சித்தப்பா கொண்டுவந்தது, கனடாவில் மச்சான் பாவித்துவிட்டுத் தந்தது, ஏதோவொரு பழைய மாணவர் சங்கம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது. நல்ல பெட்டிகள்தான், ஆனால் வயது போனவை. விண்டோஸ் 11 கேட்பது பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசெசர். அதோடு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு, செக்கியூர் பூட் என்கிற, நம்பகமான இயங்குதளத்தை மட்டும் தொடங்க விடுகிற வசதி, குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். கடதாசியில் 4 ஜிபி. உண்மையில் 8 இல்லாமல் அதைப் போடாதீர்கள்.

தலைமுறையைப் பார்ப்பது சுலபம். செற்றிங்ஸுக்குள் சிஸ்டம், அதற்குள் எபவுட் என்று போனால் புரொசெசரின் பெயர் இருக்கும். ஐ5, ஒரு சிறு கோடு, பிறகு ஒரு எண். அந்த எண் 4200 என்று இருந்தால் நான்காம் தலைமுறை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. 10210 என்று ஐந்து இலக்கத்தில் இருந்தால் பத்தாம் தலைமுறை. எட்டும் அதற்கு மேலும் என்றால் விண்டோஸ் 11 இலவசமாகவே ஏறும், ஏற்றிவிடுங்கள், அதிகம் யோசிக்க வேண்டாம். ஒரு சின்னக் குறிப்பு: கடையில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய டெஸ்க்டொப் சில நேரம் "தகுதியில்லை" என்று சொல்லும். புரொசெசர் புதிதாக இருக்கும், ஆனால் பயோஸுக்குள், அதாவது விண்டோஸ் தொடங்க முன்பே வருகிற அமைப்புப் பக்கத்துக்குள், டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எப்டிபிஎம். அதைப் போட்டுவிட்டால் சரி.

எட்டாம் தலைமுறைக்குக் கீழே என்றால்? குறுக்கு வழி இருக்கிறது. சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ ஏற்றிவிடலாம், ஏற்றிக் கொடுக்கிற கடைகளும் உண்டு. நான் அதைச் சிபாரிசு செய்கிற ஆளில்லை. அப்படி ஏற்றிய பெட்டிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசொப்ட் பொறுப்பேற்பதில்லை. 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு, சில கட்டளைகள் இல்லாத மிகப் பழைய புரொசெசர்களில் ஓடவே ஓடாது. திருத்தத் தெரிந்தவர் தன் பெட்டியில் விளையாடிப் பார்க்கட்டும். துணுக்காயிலிருந்து பஸ் பிடித்து ரிப்பெயார் கடைக்கு வர வேண்டிய ஆசிரியைக்கு அது தேவையில்லாத தலையிடி.

அப்படியானவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, விண்டோஸ் 10இலேயே இருந்துகொண்டு நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்பில் சேர்வது. வீட்டுப் பாவனையாளருக்கு அது 2026 ஒக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் செற்றிங்ஸை மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்துச் சேமிக்க ஒத்துக்கொண்டால் காசு இல்லை. இல்லாவிட்டால் 30 அமெரிக்க டொலர். விண்டோஸ் 10இன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேர்வதற்கான இணைப்பு தெரியும். இது யோசிக்கக் கிடைக்கிற அவகாசம் மட்டும்தான்.

இரண்டாவது வழி லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இன்னோர் இயங்குதளம். பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். லினக்ஸ் மின்ற் என்றொரு வகை இருக்கிறது, பார்வைக்கு விண்டோஸ் மாதிரியேதான். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு. இலவசம், நான்காம் தலைமுறைப் பெட்டியில் நன்றாக ஓடும். மூன்று ஜிபிக்குக் கிட்டிய அளவுள்ள ஒரு கோப்பு. டேட்டா கார்ட்டில் இறக்கினால் வலிக்கும், இரவு டேட்டாவில் இறக்குங்கள். பென்ரைவில் ஏற்றி, அந்தப் பென்ரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே இருக்கிற விண்டோஸில் ஒரு துரும்பும் அசையாது. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, பிரின்ரர் அடிக்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். பிரின்ரரை நான் குறிப்பாகச் சொல்கிறேன். கெனன் எல்பிபி 2900 போன்ற பழைய லேசர் பிரின்ரர்களை லினக்ஸில் அடிக்க வைப்பது பெரும்பாடு. பிள்ளை கல்வி அமைச்சின் இ-தக்சலாவ பாடத் தளத்தைப் பார்க்கவும் சூம் வகுப்புக்கும் என்றால் மின்ற் தாராளமாகப் போதும். விண்டோஸில் மட்டும் ஓடுகிற கணக்கு மென்பொருள் இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இனி, கடைசி நேரத்தில் எல்லாரையும் திணற வைக்கிற ஒரு விசயம். பாமினி.

எங்கள் சங்கங்களின் கூட்டறிக்கைகள், கோயில் கணக்கு, பள்ளிக்கூட வினாத்தாள், மீள்குடியேற்ற காலத்தில் தட்டிய கடிதங்கள், அனேகமாக எல்லாம் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கின்றன. பாமினி யுனிகோட் அல்ல, அதாவது எந்தக் கொம்பியூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற பொதுக் குறியீட்டு முறை அல்ல. கொம்பியூட்டரைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துத்தான், தமிழ் உருவம் போட்டிருக்கிறது, அவ்வளவே. அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் திறந்தால் "அம்மா" என்ற சொல் எம், கே, ஓர் அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். புது விண்டோஸ் போட்டதும் "கோப்பெல்லாம் பழுதாப் போச்சு" என்று அழுதுகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றும் பழுதாகவில்லை, எழுத்துரு போய்விட்டது. ஆகவே போர்மட் அடிக்க முன்பு விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கிற பொன்ற்ஸ் என்பதைத் திறந்து, நீங்கள் பாவிக்கிற தமிழ் எழுத்துருக்கள் அத்தனையையும் ஒரு பென்ரைவில் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 11இலும் அவை ஏறும், லினக்ஸிலும் ஏறும். லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கிற லிப்ரே ஒபிஸ் பாமினிக் கோப்பைக் காட்டும், பக்க அமைப்பு மட்டும் அங்கே இங்கே கொஞ்சம் விலகலாம்.

தட்டச்சுப் பழக்கம் கைவிட்டுப் போகுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கும் ஆறுதல் உண்டு. இலங்கையில் தரப்படுத்தப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகை பாமினிக்குப் பழகிய விரல்களுக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும், எழுத்து மட்டும் யுனிகோட்டில் விழும். லினக்ஸிலும் அதே பெயரில் அது இருக்கிறது. இந்தச் சாக்கில் யுனிகோட்டுக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். பழைய கோப்புகளை மாற்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன.

செலவு செய்ய எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெட்டி இழுபடுகிறது, ஸ்லோவாக இருக்கிறது என்பதால்தான் புது விண்டோஸ் கேட்கிறீர்கள் என்றால், கேட்க வேண்டியது விண்டோஸ் அல்ல, எஸ்எஸ்டி என்கிற, சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க். பழைய சுழலும் ஹாட் டிஸ்கைக் கழற்றி 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பூட்டினால், அதே விண்டோஸ் 10, அதே புரொசெசர், ஆனால் ஓடுகிற ஓட்டம் வேறு. பிற்பாடு அந்த லப்டொப் செத்தாலும் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறொன்றில் பாவிக்கலாம். எறியப்படுகிற காசு அல்ல அது. ரேம் அப்படியல்ல. நான்காம் தலைமுறைப் பெட்டி போன்றவற்றில் அது டிடிஆர்3 என்கிற பழைய வகை, புதுப் பெட்டிக்கு உதவாது, ஆகவே அளவோடு செலவழியுங்கள்.

எந்த வழிக்குப் போனாலும் அதற்கு முன்னால் படங்களையும் கோப்புகளையும் இன்னொரு இடத்தில் எடுத்து வைக்க வேண்டும். டி டிரைவில் போட்டுவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். சியும் டியும் அனேகமாக ஒரே டிஸ்கின் இரண்டு பகுதிகள், டிஸ்க் போனால் இரண்டும் போகும். 2009இல் கலியாண அல்பங்களையும் பிறந்தநாள் படங்களையும் வழியில் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் இங்கே எத்தனை! பிறகு உறவினரிடம் கேட்டு, வெளிநாட்டிலிருந்து வைபரில் வாங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்த படங்கள் இப்போது ஒரு லப்டொப்பில் மட்டும் இருக்கின்றன. வெளியே பூட்டுகிற டிஸ்க் ஒன்று வாங்கிப் பிரதி எடுங்கள். எடுத்ததை வேறொரு கொம்பியூட்டரில் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் அது பிரதி அல்ல.

கரண்ட் விசயம் உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. புதுப்பித்தல் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனால் பெட்டி எழும்பாமல் போகலாம். லப்டொப் என்றால் பற்றரி நிரம்பியிருக்கட்டும், டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஐப்பசி மாதப் பின்னேரங்களில், இடி முழங்கத் தொடங்கும் நேரத்தில், இந்த வேலையே வேண்டாம். காலையில் தொடங்குங்கள்.

கடையில் கொடுத்துச் செய்விக்கிறவர்கள் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாவது, எந்த லைசன்ஸ்? விண்டோஸ் 8 காலத்திலிருந்து கம்பனி லப்டொப்களில் விண்டோஸோடு விற்கப்பட்டவற்றுக்குத் திறவுகோல் மதர்போர்டுக்குள்ளேயே பதிந்திருக்கும். அதே வகையைத் திரும்பப் போட்டால் இன்ரநெற்றில் இணைந்ததும் தானாகச் செயற்படும். பெரும்பாலும் அது ஹோம் பதிப்பு. கடையில் எல்லாருக்கும் ஒரேயடியாகப் புரோ பதிப்பைப் போட்டு, லைசன்ஸ் சோதனையை ஏமாற்றுகிற கிராக் ஒன்றையும் ஓட்டிவிடுவார்கள். உங்கள் லப்டொப்புக்குள் காசு கட்டிய விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்க, மேலே கள்ளக் கொப்பி ஓடும். அந்த கிராக் கோப்பை ஓட்ட வைரஸ் காவலை அணைக்க வேண்டியிருக்கும் என்பதையும் யோசியுங்கள். "ஹோம் போட்டுத் தாங்கோ தம்பி" என்று நீங்களே கேளுங்கள்.

இரண்டாவது, யாருடைய கணக்கு? விண்டோஸ் 11 போடும்போது மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்று கேட்கும். உங்களிடம் இல்லை என்றால் கடைக்காரத் தம்பி அவசரத்துக்குத் தன்னுடையதைக் கொடுத்துவிடுவார். 24எச்2 பதிப்பிலிருந்து புதிதாகப் போடும்போது பல பெட்டிகளில் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. அந்தப் பூட்டின் மீட்புத் திறவுகோல், 48 இலக்கங்கள், கொடுத்த கணக்கில்தான் போய் இருக்கும். பிறகொரு நாள் பயோஸில் ஏதோ மாறி, திரை நீலமாகி, அந்த 48 இலக்கத்தைக் கேட்டால், தம்பி கட்டாருக்குப் போயிருப்பார். போக முன்பே உங்கள் பெயரில் ஒரு கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை எழுதிக்கொண்டு போங்கள். பெட்டி திரும்பி வந்ததும் அந்தக் கணக்குக்குள் நுழைந்து, மீட்புத் திறவுகோல் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் கொப்பியில் எழுதி, வீட்டு உறுதி வைக்கிற இடத்தில் வையுங்கள்.

நன்றி, வணக்கம்.