மார்மோரே அருவிக்குக் குழந்தையோடு போகலாமா?

சரி, அடுத்த கேள்வி. இத்தாலிப் பயணம் பற்றிய காணொளியைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "தெர்னி பக்கத்தில் இருக்கிற மார்மோரே அருவி செயற்கையானதாமே? நேரம் வைத்துத்தான் தண்ணீர் விடுவார்களாம். ஆறு வயதுப் பையனையும் முழங்கால் வலி உள்ள அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போகணுமா?"

தாராளமாகப் போங்கள். ஆனால் தண்ணீர் திறக்கும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். நான் முதல் தடவை பார்க்காமல் போய் நின்றேன். மொத்தம் 165 மீட்டர் உயரம், நான் பார்த்ததோ பாசி பிடித்த பாறையும் ஓரமாக ஒழுகிய கொஞ்சம் தண்ணீரும்தான். தப்பு என்னுடையது.

செயற்கை என்றதும் சிமெண்டில் கட்டியது என்று நினைத்துவிட வேண்டாம். ஆறும் பாறையும் இயற்கையானவை. ஆற்றைப் பாறை விளிம்புக்குக் கொண்டுவந்தது மனிதர்கள். வேலினோ ஆறு மேலே ரியேத்தி சமவெளியில் சதுப்பாகத் தேங்கிக் கிடந்தது. கி.மு. 271-இல் கூரியுஸ் தென்தாத்துஸ் என்ற ரோமானியர் ஒரு வாய்க்கால் வெட்டி, அதைக் கீழே ஓடும் நேரா ஆற்றில் விழவைத்தார். மேலே நிலம் காய்ந்தது, கீழே தெர்னிக்காரர்களுக்கு வெள்ளம் வந்தது. மேல்மடைக்கும் கடைமடைக்கும் சண்டை வராமல் இருக்குமா? கி.மு. 54-இல் விவகாரம் வழக்காகி, ரியேத்திக்காக வாதாடியவர் யார் தெரியுமா? ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ! அதோடும் முடியவில்லை. அந்தத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து அதிகம், படிந்து படிந்து வாய்க்காலை அடைத்துவிடும். பிற்பாடு இந்தப் பகுதியைப் போப்புகள் ஆண்ட காலத்தில் திரும்பத் திரும்ப வெட்டினார்கள். இப்போது நாம் பார்க்கிற வடிவம் 1787-இல் வந்தது.

பிறகு மின்சாரம். 1929-இல் கல்லெத்தோ மின் நிலையம் வந்தது. அதனால் ஆற்றுத் தண்ணீரில் பெரும்பகுதி மின் உற்பத்திக்குப் போய்விடும். குறித்த நேரங்களில் மட்டும் அருவிக்குத் திறந்துவிடுவார்கள். அந்த நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், போன வருஷத்து அட்டவணையை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அம்மாவுக்குக் கீழே உள்ள காட்சிமேடையே போதும், அருவி முழுசாகத் தெரியும். திறப்பதற்கு முன்பே எல்லோரும் அங்கே போய் நின்றுவிடுங்கள். சைரன் ஊதும். வெறும் பாறையாக இருந்த இடத்தில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்து, சத்தம் ஏறி, சாரல் முகத்தில் அடிக்கும். சும்மாவே கொட்டுகிற அருவியில் இந்தக் கணம் கிடைக்காது. எனக்கு அதுதான் பிடித்தது.

அப்புறம் நீங்களும் பையனும் ஒன்றாம் எண் பாதையில் மேல் மேடைக்கு ஏறலாம். சுமார் 600 படிகள். நின்று நின்று போனால் ஆறு வயதுப் பிள்ளை ஏறிவிடும். நடுவில் ஒரு சுரங்கவழி அருவியை ஒட்டிய சின்ன பால்கனிக்குப் போகிறது, அங்கே தொப்பலாக நனைவீர்கள். மழைக்கோட்டு கட்டாயம், வழுக்காத செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள்.

பையன் பாதிவழியில் சிணுங்கினால் அந்த ஊர்க் கதையைச் சொல்லுங்கள். நேரா என்ற தேவகன்னி வேலினோ என்ற இடையனைக் காதலித்தாளாம். கோபத்தில் ரோமானியர்களின் தெய்வமான ஜூனோ அவளை ஆறாக்கிவிட்டாள். அவளோடு சேர அவன் மேலேயிருந்து குதித்தான். அந்தக் குதித்த இடத்துக்குத்தான் ஏறிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் மீதிப் படியைப் பையனே ஓடி ஏறுவான்.